வயலோர உண்டியலும் கை நிறைந்த மலர்களும்

புலம்பெயர்ந்த நாட்டில் வாழும் எம்மவர் பலருக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். டொச் மொழி கற்பித்த ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு அழைத்திருப்பார். பிள்ளையின் பாடசாலைத் தோழியின் பெற்றோர் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருப்பர். மேல் மாடியில் குடியிருக்கும் முதியவர் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருப்பார். வெறுங்கையுடன் போவது எமது பண்பும் அன்று. இந்நாட்டவரின் வழக்கமும் அன்று. ஆனால் பூக்கடையின் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் மலர்ச்செண்டின் விலையைக் கண்டதும் கால்கள் தாமாகவே பின்வாங்கும். 20 யூரோ, 25 யூரோ, சில வேளை 30 யூரோ. ஒரு கிழமையில் வாடிப்போகும் பூவுக்கு ஒரு குடும்பத்தின் சமையற் செலவைக் கொடுப்பதா என்று மனம் கணக்குப் பார்க்கும். முடிவில் பலர், 'இன்றைக்கு உடம்பு சரியில்லை' என்று பொய் சொல்லி அந்த அழைப்பையே தவிர்த்துவிடுகின்றனர்.

இப்படித் தவிர்க்க வேண்டியதில்லை. ஜேர்மனியில் சில யூரோக்களுக்குள் நல்ல மலர்களைப் பெற்று, வீட்டிலேயே செண்டாகக் கட்டிக்கொள்ளப் பல வழிகள் உள்ளன. அவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம். செலவைக் குறைப்பது மட்டும் எமது நோக்கமன்று. அகதியாக வந்தவர், வந்த நாள் முதல் பெறுபவராகவே இருக்கின்றார். கட்டில், போர்வை, பிறர் உடுத்த உடுப்பு, இலவச மொழிப் பாடம், படிவம் நிரப்பித் தரும் உதவி என்று எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டே இருக்கின்றார். இப்படிப் பெற்றுக்கொண்டே இருப்பவருக்கு, ஒரு நாளாவது ஒரு வாசலில் கொடுப்பவராக நிற்க வேண்டும் என்ற விருப்பம் இருக்கும். அந்த விருப்பத்துக்குப் பணமின்மை தடையாக இருக்கக் கூடாது.

வளவில் பூத்த பூ

எமது ஊர்களில் பூவை விலை கொடுத்து வாங்கியோர் குறைவு. செவ்வரத்தை வேலியோரத்தில் பூத்தது. நந்தியாவட்டையும் அலரியும் தேமாவும் கிணற்றடியில் நின்றன. காலையில் பூசைக்குப் பூக்கொய்யச் செல்லும் முதியவர் பக்கத்து வளவுக்குள்ளும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை நீட்டுவார். விழாவுக்கு மாலை கட்டுவது வீட்டுப் பெண்களினதும் கோயிலடி மாலைக்காரரினதும் வேலையாக இருந்தது. பூவைத் தண்டோடு வெட்டி, கட்டி, ஒருவர் கையில் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே பெரிதும் இருக்கவில்லை. எமது பூ இறைவனுக்கும், கூந்தலுக்கும், மாலைக்கும் உரியதாயிருந்தது.

ஆகவே இங்கே இரண்டு விடயங்களை நாம் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது. பூவுக்கு விலை உண்டு என்பது ஒன்று. அதை எப்படிக் கொடுப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு என்பது மற்றொன்று.

80 மார்க்கும் 50 யூரோவும்

1993 ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த புகலிடம் கோருவோர் உதவிச் சட்டத்தின் கீழ், வயது வந்த ஒருவருக்குக் கையிற் கிடைத்த பணம் மாதம் 80 மார்க். ஏனையவை உணவுப் பொதியாகவும் கூப்பனாகவும் கிடைத்தன. அக்காலத்தில் வந்தவர்களுக்கு அந்த 80 மார்க்கின் அருமை நினைவிருக்கும். அதிலேயே தொலைபேசி அட்டையும் வாங்க வேண்டும். வழக்கறிஞருக்கும் ஏதாவது எடுத்து வைக்க வேண்டும்.

இன்று உணவுப் பொதிக்குப் பதிலாகக் கொடுப்பனவு அட்டை வந்துள்ளது. இதற்கான சட்டத் திருத்தம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் அந்த அட்டையிலிருந்து வயது வந்த ஒருவர் மாதம் 50 யூரோ வரையே காசாக எடுக்கலாம் என்ற எல்லையை ஏற்றுக்கொண்டன. அட்டையை ஏற்கும் கடையில் அட்டையால் வாங்கலாம். ஆனால் சந்தையிற் பூ விற்கும் மூதாட்டியிடமும், கீழே நாம் சொல்லப்போகும் வயலோரப் பெட்டியிலும் அந்த அட்டைக்கு இடமில்லை. அங்கே நாணயமே செல்லும். ஆகவே முகாமில் வாழும் ஒருவருக்குப் பூவின் விலை என்பது யூரோவில் எவ்வளவு என்பது மட்டுமன்று; கையிலிருக்கும் அந்த 50 இல் எவ்வளவு என்பதுமாகும்.

வயலோர உண்டியல்

ஜேர்மனியின் நகர எல்லையைத் தாண்டிச் செல்லும் வீதிகளின் ஓரத்தில் 'புளூமன் சும் செல்ப்ஸ்ட்ஷ்னைடன்' என்று எழுதிய பலகையைப் பலர் கண்டிருப்பீர்கள். 'நீங்களே வெட்டிக்கொள்வதற்கான மலர்கள்' என்பது அதன் பொருள். சுவிற்சர்லாந்திலும் ஒஸ்திரியாவிலும் இத்தகைய வயல்கள் உண்டு. ஒரு விவசாயி தன் நிலத்தின் ஒரு துண்டில் மலர்களை வரிசை வரிசையாக நட்டிருப்பார். ஓரத்தில் ஒரு கம்பம் இருக்கும். அதில் விலைப்பட்டியல் ஒட்டப்பட்டிருக்கும். கயிற்றில் அல்லது சங்கிலியில் ஒரு கத்தி தொங்கும். பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றும் இருக்கும். காவலாளி இல்லை. வெட்டுவதும் எண்ணுவதும் கணக்குப் பார்ப்பதும் வாங்குபவரின் பொறுப்பு. பெட்டியின் துவாரத்தில் காசைப் போட வேண்டும். எமது கோயில் உண்டியலைப் போன்றதே இதுவும். போடுபவருக்கும் அவர் மனச்சாட்சிக்கும் இடையிலான விடயம்.

விலை வயலுக்கு வயல் வேறுபடும். எனினும் பெரும்பாலான மலர்கள் தண்டு ஒன்றுக்கு ஒரு யூரோவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். வசந்தகாலத்து நர்சிஸ் மலரும் ரியூலிப்பும் மலிவானவை. மே மாத இறுதியிலும் யூன் மாதத்திலும் பியோனி வரும். யூலையிலிருந்து கிளாடியோலஸ், சூரியகாந்தி. டேலியா கோடையின் நடுவிலிருந்து முதல் உறைபனி விழும் வரை பூத்துக்கொண்டிருக்கும். உறைபனி ஓர் இரவு விழுந்தாற் போதும், மறுநாள் டேலியா வயல் முழுவதும் கறுத்துச் சாய்ந்துவிடும்.

எந்தப் பூவை எந்நிலையில் வெட்டுவது என்பதை அறிந்துகொண்டால் ஒரு யூரோவின் பூ ஒரு கிழமை நிற்கும். கிளாடியோலஸ் கீழிருந்து மேலாக விரியும். ஆகவே அடியிலுள்ள ஒன்றிரண்டு மொட்டுகள் நிறம் காட்டும்போதே வெட்டலாம். மற்றவை வீட்டில் ஒவ்வொன்றாக விரியும். அதன் கிழங்கு அடுத்த ஆண்டுக்கும் உயிர் பெறுவதற்காகச் சில இலைகளை அடியில் விட்டு வெட்ட வேண்டும். பியோனியின் மொட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கல்லைப்போல் இருந்தால் அது விரியாமலே போகக்கூடும். பஞ்சுபோல் இளகியிருந்தால் வெட்டலாம். டேலியா இதற்கு மாறானது. அது வெட்டிய பின் மேலும் விரிவது அரிது. ஆகவே விரிந்த பூவையே வெட்ட வேண்டும். சூரியகாந்தியை அதன் வெளியிதழ்கள் விரியத் தொடங்கும் தறுவாயில் வெட்டலாம்.

வெட்டுவதற்கு ஏற்ற நேரம் அதிகாலை. அது முடியாவிடில் மாலை. மத்தியான வெயிலில் வெட்டிய பூ பேருந்து நிறுத்தத்தை அடையும் முன்னரே தலை சாய்க்கும். வாளியில் நீர் கொண்டு செல்லலாம். பேருந்தில் வாளி தூக்குவது சிரமமெனில் நனைத்த பத்திரிகைத் தாளில் தண்டுகளைச் சுற்றி, அதன்மேல் ஒரு பொலித்தீன் பையைக் கட்டுங்கள். நீங்கள் படித்து முடித்த இப்பத்திரிகையே அதற்குப் போதும்.

துண்டு இல்லாத கொடுக்கல் வாங்கல்

கடந்த ஆகஸ்ட் மாத இறுதியில், தென் ஜேர்மனியின் சிறிய நகரொன்றில் முகாமில் வாழும் இளம் தாய் ஒருவருடன் அத்தகைய வயலொன்றுக்குச் சென்றிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஓராண்டு காலமாக அவருக்கு ஊதியம் பெறாமல் டொச் கற்பித்திருந்தார். அவர் அன்று தேநீருக்கு அழைத்திருந்தார். நகரின் பூக்கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பிய பின்னரே இந்த வயலைப் பற்றி அவர் எம்மிடம் விசாரித்தார். வீதியாற் போகும்போது பலமுறை கண்டிருக்கின்றார். ஆனால் உள்ளே இறங்கியதில்லை. 'எங்கட முகத்தைக் கண்டால் களவெடுக்கிறம் எண்டு நினைப்பினம்' என்பது அவர் சொன்ன காரணம்.

கிளாடியோலஸ் ஒன்று 80 சதம், டேலியா ஒன்று 60 சதம் என்று பலகையில் எழுதியிருந்தது. நான்கு கிளாடியோலசும் ஐந்து டேலியாவும் வெட்டினார். மொத்தம் 6 யூரோ 20 சதம். அவர் மூன்று முறை எண்ணினார். ஐந்து யூரோத் தாளை நான்காக மடித்துத் துவாரத்தினுள் செலுத்தி, பின் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் சற்று நின்று பார்த்துவிட்டுச் சென்றார். அவர் போன பின்பு அந்தப் பெண் பெட்டியின் நான்கு பக்கங்களையும் சுற்றிப் பார்த்தார்.

'காசு போட்டதுக்குத் துண்டு ஒண்டும் வராதோ அண்ணை? நாளைக்கு ஆரும் கேட்டால் என்னத்தைக் காட்டுறது?'

இக்கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. புகலிட நேர்காணலில் ஒவ்வொரு திகதிக்கும், ஒவ்வொரு ஊருக்கும் ஆதாரம் கேட்கப்பட்டவர் அவர். கடையிற் பால் வாங்கிய துண்டைக் கூடக் கோப்பில் வைத்திருப்பவர். இங்கோ ஒரு இரும்புப் பெட்டி எந்த ஆதாரமும் கேட்காமல் அவரை நம்பியது. அந்த நம்பிக்கை அவருக்கு முதலில் ஆறுதலைத் தரவில்லை, அச்சத்தையே தந்தது. விலைப்பலகையையும் வெட்டிய பூக்களையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுமாறு சொன்னோம். எடுத்துக்கொண்டார். இதே அச்சம் உள்ள வாசகர்களுக்கும் அதையே சொல்வோம். அது எவரும் கேட்பதற்காக அன்று. உங்கள் மன அமைதிக்காக.

அவருடைய அச்சத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. காசு போடாமல் வெட்டுவது சட்டப்படி திருட்டு. பூ ஒரு யூரோ பெறுமதியானது என்பதால் அது வேறு பெயர் பெறாது. வழக்கு நிலுவையில் உள்ள ஒருவருக்கு ஒரு பொலிஸ் முறைப்பாடு என்ன செய்யும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. காசு போடாதோரால் நட்டப்பட்டு வயலை மூடிவிட்ட விவசாயிகளும் உண்டு. ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே சில்லறையாகக் கொண்டு செல்லுங்கள். பெட்டி மிச்சம் தராது. கையிலுள்ள சில்லறையை முதலில் எண்ணி, அதற்கேற்ற அளவே வெட்டுங்கள். வெட்டிய பின் காசு போதாதென்று கண்டால் பூவைத் திருப்பி ஒட்ட முடியாது.

ஆசிரியையின் வீட்டில் அவர் பூவைக் கொடுத்தபோது, 'எந்தக் கடையில் வாங்கினாய்?' என்று ஆசிரியை கேட்டார். 'நானே வெட்டினேன், நானே கட்டினேன்' என்று அவர் டொச் மொழியிற் சொன்னார். வினைச்சொல்லின் இறந்தகால வடிவத்தில் ஒரு பிழை இருந்தது. ஆசிரியை அதை அன்று திருத்தவில்லை.

காட்டுப் பூவும் சட்டமும்

காசே இல்லாவிடினும் வழியுண்டு. ஜேர்மனியின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, நுழைவதற்குத் தடையில்லாத இடங்களில் வளரும் காட்டுப் பூக்கள், புற்கள், பன்னங்கள், சிறு கிளைகள் ஆகியவற்றைச் சொந்தத் தேவைக்காகச் சிறிய அளவில் எவரும் பறிக்கலாம் என்று அனுமதிக்கின்றது. மக்கள் இதனை 'கைச்செண்டு விதி' என்றே அழைக்கின்றனர். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவு என்று கொள்ளலாம். எவரும் என்ற சொல்லில் நாமும் அடங்குவோம். வதிவிட அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை அங்கே இல்லை.

ஆனால் எல்லைகள் உண்டு. இயற்கைக் காப்பிடங்களில் எதையும் பறிக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இனங்களை எவ்விடத்திலும் பறிக்கக் கூடாது. வெண்ணிறப் பனித்துளிப் பூ எனப்படும் 'ஷ்னேகுளொக்ஷன்', மஞ்சள் நிற 'ஷ்லூசல்புளூமன்', காட்டு ஓர்க்கிட் வகைகள் ஆகியன அவற்றுட் சில. நகரசபைப் பூங்காவில் நட்ட பூவும், வீதி வட்டத்தில் நட்ட பூவும் காட்டுப் பூவல்ல. அவை நகரத்தின் உடைமை. விவசாயியின் வயலிலுள்ளவையும் அவ்வாறே.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆளைவிட உயரமாக வளர்ந்து, குடைபோல் வெள்ளைப் பூ விரிக்கும் 'றீசன்பேரன்கிளவ்' என்ற செடியைத் தொடவே கூடாது. அதன் பால் தோலிற் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போன்ற கொப்புளம் எழும். மணிபோல் தொங்கும் 'மைகுளொக்ஷன்' அழகானது; ஆனால் நச்சுச்செடி. அது நின்ற குவளை நீரைக் கூடப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அங்காடியில் வாங்கும்போது

குளிர்காலத்தில் வயல் இல்லை. அப்போது அல்டி, லிடில் போன்ற மலிவு அங்காடிகளே துணை. அங்கே கொடுப்பனவு அட்டையும் பெரும்பாலும் செல்லும். யனவரி முதல் ஏப்ரல் வரை ரியூலிப் மலிவாகக் கிடைக்கும். பலவகைப் பூக்கள் கலந்து கட்டிய ஆயத்தச் செண்டை வாங்காதீர்கள். ஒரே வகைப் பூக்கட்டு இரண்டை வாங்கி, வீட்டிற் பிரித்து, ஒரு கிளைப் பச்சையுடன் சேர்த்துக் கட்டினால் குறைந்த செலவில் நிறைவான செண்டு கிடைக்கும். வாங்குமுன் தண்டின் அடியைப் பாருங்கள். வழுவழுப்பாகவோ பழுப்பு நிறமாகவோ இருந்தால் பூ பல நாட்களாக நீரில் நிற்கின்றது என்று பொருள். ரியூலிப்பின் மொட்டு மூடியிருக்க வேண்டும். ஆனால் நிறம் தெரிய வேண்டும். இலைகளை உரசினால் கீச்சிடும் ஓசை எழுமாயின் புதிய பூ.

ஞாயிற்றுக்கிழமை அங்காடிகள் மூடப்படுவதால் சனி மாலையில் பல இடங்களில் பூவின் விலையைக் குறைப்பர். வாரச்சந்தையிலும் கடை கட்டும் வேளையில் இரண்டு கட்டை ஒரு கட்டின் விலைக்குக் கொடுப்போர் உண்டு. கேட்பதில் வெட்கமில்லை.

விலை ஏன் சில நாட்களில் துள்ளி ஏறுகின்றது என்பதையும் அறிந்துகொள்வோம். இங்கு விற்கப்படும் பூக்களிற் பெரும்பகுதி நெதர்லாந்து வழியாக வருகின்றது. அங்கே ஆல்ஸ்மேர் என்ற ஊரில் உலகின் மிகப் பெரிய மலர் ஏல நிலையம் உள்ளது. ஜேர்மனியிலும் நெதர்லாந்து எல்லையருகே ஸ்ட்ராலன் நகரில் இத்தகைய ஏலம் நடைபெறுகின்றது. எமது ஊரில் ஏலம் கீழிருந்து மேலே போகும்; ஒருவர் கேட்க மற்றவர் கூட்டிக் கேட்பார். இங்கோ கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கி வரும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே பூ. காத்திருந்தால் விலை குறையும்; அதிகம் காத்திருந்தால் பூ மற்றவருக்குப் போய்விடும். பெப்ரவரி 14 ஆம் திகதிக்கும், மே மாதம் இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினத்துக்கும் முன்னர் எல்லா வியாபாரிகளுக்கும் பூ வேண்டியிருப்பதால், எல்லோரும் விலை உயரத்தில் இருக்கும்போதே அழுத்திவிடுகின்றனர். அந்த உயர்வை இறுதியிற் செலுத்துவது நாம்தான். அந்நாட்களுக்குப் பின் ஒரு கிழமை பொறுத்தால் அதே பூ மலியும்.

ரோசா மலர்களிற் பல கென்யாவிலிருந்து விமானத்தில் வருகின்றன. அந்நாட்டின் நைவாசா ஏரிக்கரையில் உள்ள தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அவற்றை வெட்டிக் கட்டுகின்றனர். எமது மலையகத்துக் கொழுந்துக் கூடையை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் தன்மையைச் சொல்ல வேண்டியதில்லை. மலிவில் வாங்கும்போது அதையும் நினைவிற் கொள்வது நன்று.

கட்டும் முறை

வீட்டுக்கு வந்ததும் தண்டின் நுனியைக் கூரிய கத்தியாற் சரிவாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். நீருக்குள் நிற்கும் பகுதியில் ஓர் இலையும் இருக்கலாகாது. இலை அழுகினால் நீர் கெடும், நீர் கெட்டால் பூ வாடும். குவளையைப் பாத்திரம் கழுவுவதுபோல் நன்றாகக் கழுவுங்கள்.

செண்டு கட்டுவது கடினமன்று. நடுவில் நிற்க வேண்டிய பூவை இடக்கையிற் பிடியுங்கள். அடுத்த தண்டை அதன்மேல் சற்றுச் சரிவாக வையுங்கள். அதற்கடுத்ததையும் அதே திசைச் சரிவில் வையுங்கள். ஒவ்வொரு பூ வைத்த பின்பும் செண்டைக் கையிற் சிறிது சுழற்றுங்கள். திசை மாறாமல் வைத்து வந்தால் தண்டுகள் கீழே விசிறிபோல் விரியும். பூக்கள் மேலே குடைபோல் வட்டமாகும். கை பிடித்த இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, தண்டுகளைச் சம நீளமாக வெட்டிவிடுங்கள். மாலை கட்டிப் பழகிய கைகளுக்கு இது பத்து நிமிட வேலை.

நர்சிஸ் பூவின் தண்டிலிருந்து கசியும் பசை மற்றப் பூக்களைக் கெடுக்கும். அதை ஓர் இரவு தனி நீரில் வைத்து, மீண்டும் வெட்டாமல் மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். ரியூலிப் வெட்டிய பின்னும் வளரும். அதற்குக் குறைந்த நீரே போதும். பூக்குவளையை அப்பிள், வாழைப்பழத் தட்டின் அருகே வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் வாயு பூவை விரைவில் முதுமையாக்கும்.

கொடுக்கும் முறை

வாசலில் மணி அடிக்குமுன் சுற்றிய தாளை அகற்றிவிட வேண்டும். தாளோடு கொடுப்பது இங்கு நாகரிகமாகக் கொள்ளப்படுவதில்லை. பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதைப் பழைய தலைமுறையினர் விரும்புவர். எமது மொய்ப்பணத்துக்கு ஒரு ரூபாய் கூட்டி வைப்பதை நினைத்துக்கொண்டால் மறக்காது. சிவப்பு ரோசா காதலுக்கு உரியது. ஆசிரியைக்கும் அயலவருக்கும் அதைத் தவிர்க்க வேண்டும். வெள்ளை லில்லியும் வெள்ளைச் செவ்வந்தியும் கல்லறையை நினைவூட்டுவன.

இதை நாம் பட்டே அறிந்தோம். பல ஆண்டுகளுக்கு முன், ஒக்டோபர் மாத இறுதியில், அங்காடியில் மலிவாகக் கிடைத்த வெள்ளைச் செவ்வந்தியை அயல்வீட்டு அம்மையாரின் பிறந்தநாளுக்குக் கொண்டு சென்றோம். எமக்குச் செவ்வந்தி மங்கலப் பூ. நவம்பர் முதலாம் திகதி கத்தோலிக்கர் கல்லறைகளை அலங்கரிக்கும் நாள் என்பதும், அதற்காகவே அப்பூ அங்கு குவிக்கப்பட்டிருந்தது என்பதும் எமக்குத் தெரியாது. அந்த அம்மையார் ஒரு கணம் தயங்கி, பின் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். காரணத்தை அடுத்த ஆண்டுதான் சொன்னார்.

துயர வீட்டிலும் விழா மண்டபத்திலும்

எம்மிடையே முதியோர் இறப்புகள் இப்போது அடிக்கடி நிகழ்கின்றன. மலர்வளையம் ஒன்றின் விலை 100 யூரோவைத் தாண்டுவது வழமை. அதைக் கொண்டு வர இயலாததால் இறுதி நிகழ்வுக்கே வராது விடுவோர் உள்ளனர் என்பது வருந்தத்தக்கது. இந்நாட்டவர் இறந்தவரின் குழியருகே ஒரேயொரு மலருடன் வந்து, அதைக் கையால் இட்டுச் செல்வதைக் கண்டிருக்கின்றோம். அதை எவரும் குறைவாக எண்ணுவதில்லை. வீட்டிற் கட்டிய சிறு செண்டும் அவ்வாறே. இறந்தவருக்குச் செலவு தெரியாது. வந்தவரை வீட்டாருக்குத் தெரியும்.

மறுபுறம், பூப்புனித நீராட்டு விழாக்களிலும் திருமணங்களிலும் மணவறைப் பூவுக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் கடன்பட்டுச் செலவிடும் போக்கும் எம்மிடையே வளர்ந்துள்ளது. மறுநாட் காலையில் அத்தனையும் மண்டபத்துக் குப்பைத் தொட்டியிற் கிடக்கின்றன. கோடை விழாவெனின், நான்கைந்து குடும்பங்கள் முதல்நாள் ஒரு மலர் வயலுக்குச் சென்று, விவசாயியிடம் நேரிற் பேசி, மொத்தமாக விலை தீர்த்து வெட்டி வரலாம். மேசைக்கு ஒரு குவளை டேலியா போதும். பிள்ளைகளும் ஒரு வேலை கற்பர்.

முகாமில் வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன முடிவு வரும் என்பது எவர் கையிலோ இருக்கின்றது. அதுவரை உங்களை எல்லோரும் உதவி பெறுபவராகவே எழுதி வைப்பர். ஆனால் இவ்வாண்டு கோடையில் வீதியோரப் பலகையைக் கண்டால், தயங்காமல் பகல் வெளிச்சத்தில் உள்ளே இறங்குங்கள். எண்ணி வெட்டுங்கள். எண்ணியதற்குச் சரியாகக் காசைப் போடுங்கள். பின் உங்களுக்கு உதவிய எவரேனும் ஒருவரின் வாசலுக்குச் சென்று மணியை அடியுங்கள். அன்று நீங்கள் எதையும் கேட்க வரவில்லை என்பது கதவு திறந்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிடும்.